அசல் இருட்டு

வீடுகளுக்குக் குணம் உண்டு என்பதும், அந்தக் குணம் கெட்டுப்போகாமல் காவல் காக்க ஒரு வாரியம் உண்டு என்பதும், அந்த வீட்டை வாங்கும்வரை எக்ஸ்ரேக்காரிக்குத் தெரியாது. மனிதர்களுக்கே அப்படி ஒன்று இருக்கிறதா என்று சந்தேகத்தோடு வாழ்ந்துகொண்டிருந்தவள் அவள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று நாள் முழுக்க ஊரார் நெஞ்சைப் படம் பிடிப்பாள். அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். முதல் சம்பளத்தில் புடவை வாங்கித் தந்தவளைப் பார்த்து அம்மா அழுதாள். தெரு முனையில் இருந்த அந்தப் பெரிய வீட்டை வாங்கிவிட்டேன் என்று சொன்னபோது அம்மா அழவில்லை. முகம் வெளிறிப்போய், "எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

எதுக்கென்றால், பழி தீர்க்கத்தான். அம்மா தன் வயசெல்லாம் வீட்டு வேலை செய்த வீடு அது. அங்கேயே தங்கி வேலை. வாரத்தில் ஒரே ஒரு மத்தியானம் சித்தி வீட்டுக்கு வந்து மகளைப் பார்ப்பாள்; தலை வாரி முடிப்பதற்குள் கிளம்பிவிடுவாள். "மணி அடிச்சிருப்பாங்க பாப்பா" என்பாள். மற்றக் குழந்தைகளுக்கு அம்மாவைப் பிடுங்கிக்கொள்வது சாவு, பிரிவு என்று ஏதாவது கௌரவமான காரணமாக இருக்கும். இவளுக்கு ஒரு பித்தளை மணி.

அந்த வீட்டு வாரிசுகள் எங்கோ தூரத்தில் இருந்துகொண்டு, சனியன் தொலைந்தால் போதும் என்று விற்றார்கள். ஆளில்லாத வீட்டில் மணி தானாக அடிக்கிறது என்று தெருவில் பேச்சு இருந்ததால் வாங்க வேறு யாரும் வரவில்லை. எக்ஸ்ரேக்காரிக்குப் பேய் பயம் கிடையாது. அந்த வீட்டு எஜமானி படுத்திருந்த மாடி அறையில், அதே தேக்குக் கட்டிலில், தன் அம்மாவைப் படுக்க வைக்க வேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

முதல் நாளே காரியம் கெட்டது. முன்வாசல் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்டு, "வாம்மா" என்று திரும்பினால் அம்மா அங்கே இல்லை. சுற்றிக்கொண்டு கொல்லைப்புறம் வழியாக ஏற்கெனவே உள்ளே வந்து நின்றிருந்தாள். கூடத்தைக் கடக்கும்போது நடுவில் நடக்காமல் சுவரை ஒட்டியே போனாள். செருப்பில்லை, சத்தமில்லை, இடது கை சுவரைத் தடவிக்கொண்டே போனது.

மாடிக் கட்டிலில் மெத்தை, தலையணை, மின்விசிறி எல்லாம் ஏற்பாடாகியிருந்தன. காலையில் போய்ப் பார்த்தால் கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அம்மா மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில், வெறுந்தரையில், முழங்காலை நெஞ்சோடு சேர்த்துப் படுத்திருந்தாள்.

அந்த அறையை அறை என்று சொல்வதே மரியாதை. படிகளின் சரிவுதான் அதற்குக் கூரை. ஒரு பக்கம் நிற்கலாம், மறுபக்கம் தவழலாம். ஜன்னல் கிடையாது. சுவர் எப்போதும் வியர்த்தபடி இருக்கும். மூலையில், கூரைக்குச் சற்றுக் கீழே, சுருள் கம்பியில் அந்தப் பித்தளை மணி தொங்கியது. மாடிக் கட்டிலின் தலைமாட்டில் உள்ள கயிற்றை இழுத்தால் சுவருக்குள் ஓடும் கம்பி இங்கே மணியை ஆட்டும்.

"மேல என்னம்மா குறை உனக்கு?"

"தூக்கம் வரல பாப்பா. அங்க படுத்துட்டா, கூப்பிட்டா எப்படிக் கேக்கும்?"

"யாரும்மா கூப்பிடப் போறா? அந்தம்மா செத்து எத்தனை வருஷம் ஆச்சு!"

அம்மா மணியை நிமிர்ந்து பார்த்தாள்.

எக்ஸ்ரேக்காரி ஆத்திரத்தில் கயிற்றை அறுத்துப் போட்டாள். அன்று மத்தியானம் மணி அடித்தது. அம்மா டம்ளரில் தண்ணீரோடு படியேறிப் போய், காலிக் கட்டிலின் பக்கத்து முக்காலியில் வைத்துவிட்டு வந்தாள்.

அம்மாவுக்கு இருமல் கூடியது. அம்மாவின் நெஞ்சை எக்ஸ்ரேக்காரியே படம் எடுத்தாள். வலது பக்கம் ஒரு நிழல். ஆஸ்பத்திரி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "பல வருஷ ஈரம்மா இது. இனியாவது காத்து வர்ற ரூம்ல படுக்க வைங்க. இல்லன்னா தாங்காது" என்றார்.

அம்மா வெளிச்சத்துக்கு வர மாட்டாள் என்றால் வெளிச்சம் அம்மாவிடம் வரட்டும். படிக்கீழ் அறையின் வெளிச்சுவரை உடைத்து ஒரு ஜன்னல். அவ்வளவுதான் எக்ஸ்ரேக்காரி இந்த உலகத்திடம் கேட்டது. கொத்தனார் வந்தார். கடப்பாரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். சுண்ணாம்பு உதிர்வதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. யார் சொல்லி வந்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. 'குணமுள்ள பழைய வீடுகள் பாதுகாப்பு வாரியம்' என்று ஜீப்பில் எழுதியிருந்ததைக் கொத்தனார் வாசலுக்கு வந்து எழுத்துக்கூட்டி முடித்ததும், கடப்பாரையை அறைக்குள் சாத்தியபடியே விட்டுவிட்டுக் கொல்லைப்புறமாக ஓடிப்போனார்.

இறங்கியவர் குண ஆய்வாளர். மெலிந்த ஆள். கையில் தோல்பை.

"யாரைக் கேட்டுச் சுவத்துல கை வெச்சீங்க?"

"என் வீட்டுச் சுவரு சார்."

"வீடு உங்களுது. சுவரும் உங்களுது. சுவரோட குணம் எங்களுது." மனப்பாடப் பகுதியை ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தார். தோல்பையிலிருந்து இருட்டை அளக்கும் கருவி ஒன்றை எடுத்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் சத்தமே இல்லை. வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"மேடம், எத்தனையோ வீடு பாத்திருக்கேன். இவ்வளவு சுத்தமான இருட்டைப் பாத்ததில்ல. கலப்படமே இல்ல. வீடு கட்டின நாள்ல உள்ள போன இருட்டு, இன்னும் வெளிய வரல. அசல்."

"அதைத்தான் சார் வெளிய விடப் பாக்கறேன்."

"விட்டுட்டீங்கன்னா? திரும்பப் பிடிக்க முடியுமா? இப்ப எல்லாரும் டூப்ளிகேட் இருட்டு வெச்சிருக்காங்க. திரை போட்டு, கண்ணாடிக்குக் கறுப்படிச்சு. இது அப்படியில்ல."

"எங்கம்மாவுக்கு நுரையீரல்ல நிழல் இருக்கு சார். இந்த அறையால வந்தது."

ஆய்வாளரின் முகம் மலர்ந்தது. "நிழலா? எவ்வளவு பழசு?"

ஜன்னலுக்கு அனுமதி இல்லை என்று அங்கேயே உத்தரவு எழுதினார். அதோடு விடவில்லை. கடப்பாரையைக் குனிந்து பார்த்து, பழசா புதுசா என்று தெளிவாகாததால், 'ஆய்வில் உள்ளது, நகர்த்தக் கூடாது' என்று அதன் கழுத்தில் ஒரு சீட்டைக் கட்டித் தொங்கவிட்டார். அறுந்த கயிற்றுக்குப் பதில் அதே நிறத்தில் கயிறு போடச் சொன்னார். கூடத்தின் புது விளக்குகளைக் கழற்றிவிட்டு மங்கல் பல்பு மாட்டச் சொன்னார். கடைசியில் நடைச் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார்.

அந்தச் சுவரில், சமையலறையிலிருந்து மாடிப்படி வரைக்கும், தோள் உயரத்தில் ஒரு கறுத்த கோடு ஓடும். எக்ஸ்ரேக்காரி அதன்மேல் வெள்ளையடித்துப் பார்த்திருந்தாள். மறுநாள் காலையில் கோடு மேலே வந்து நின்றது. மறுபடி அடித்தாள், மறுபடி வந்தது. படம் கழுவும்போது எலும்பு மெல்ல மெல்லத் தெளிந்து வருமே, அந்த மாதிரி.

"ஐயோ, மேல சுண்ணாம்பு பூசினது யாரு? மனிதத் தடம் மேடம் இது! இந்த வீட்டு எஜமானியம்மா தினமும் சுவரைத் தடவிக்கிட்டே மாடிக்குப் போயிருக்காங்க. எவ்வளவு ரசனை!"

சமையலறை வாசலில் நின்ற அம்மா மெதுவாகச் சொன்னாள். "அது என் கைங்க."

"எல்லா வீட்லயும் யாராவது ஒருத்தர் இப்படிச் சொல்றதுதான் பெரியம்மா." ஆய்வாளர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "ஆதாரம் வேணுமில்ல?"

அம்மா நடந்து வந்து கையைக் கோட்டின்மேல் வைத்தாள். ஒவ்வொரு விரலும் தன் தன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

"தொடாதீங்க! கை எண்ணெய் ஒட்டிக்கும்!" என்று ஆய்வாளர் அலறினார்.

அடுத்த வாரம் கோட்டின்மேல் கண்ணாடி வந்தது. பக்கத்தில் பித்தளைத் தகடு: 'இவ்வில்லத்து அம்மையாரின் மென்கரம் பட்ட சுவர்.' அம்மா எதிர்ச்சுவருக்கு மாறிக்கொண்டாள்.

பிறகு ஒரு பழமையாக்குநர் வந்தார். வாரியம் அங்கீகரித்த ஆள். புதுசைப் பழசாக்குவது அவர் தொழில். படிக்கீழ் அறைக்கு எக்ஸ்ரேக்காரி மாட்டியிருந்த புதுக் கதவை முந்தைய காலத்துக்கு அனுப்பிவைக்க வந்திருந்தார். சங்கிலியால் கதவை மாறிமாறி அடித்தார். டிகாஷனை ஊற்றித் துணியால் தேய்த்தார். மெல்லிய டிரில்லால் ஓட்டை ஓட்டையாகப் போட்டார்.

"இது என்னண்ணே?"

"பூச்சி அரிச்சது தங்கச்சி. நிஜப் பூச்சிக்கு விட்டா நம்ம காலம் போயிடும். வாரியத்துக்குப் பூச்சி முக்கியமில்ல, ஓட்டைதான் முக்கியம்." சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மனிதர். "போன மாசம் ஒரு வீட்ல, ஓட்டை பத்தலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நாணயமா நடந்த பூச்சிங்கன்னு சொல்லிப் பாத்தேன், கேக்கல."

சிரிப்பு பாதியில் நின்றது. உள்ளே மணி அடித்தது. அம்மா எழுவதற்குள் பழமையாக்குநர் டிரில்லைக் கீழே வைத்தார். சமையலறைக்குப் போனார், டம்ளரில் தண்ணீர் பிடித்தார், சுவரை ஒட்டி நடந்து மாடி ஏறினார். சற்று நேரத்தில் இறங்கி வந்தவரின் முகத்தில் ஈயாடவில்லை.

"மேல யாரு தங்கச்சி?"

"யாருமில்லையே."

"பின்ன யாரு என்னை, 'இவ்வளவு நேரமா?'ன்னு கேட்டா?"

சங்கிலியைக்கூட எடுக்காமல் போனவர்தான். கம்பி வெயிலில் நீண்டு குளிரில் சுருங்குவதால் மணி தானாக அடிக்கும் என்று ஆய்வாளர் விளக்கினார். கம்பி சுருங்கினால் கால் ஏன் நடக்கிறது என்பதற்கு வாரியத்தில் தனிப் பிரிவு இல்லை.

பொதுமக்கள் பார்வை நாள் என்று ஒன்றை வாரியம் அறிவித்தது. கூடம் கொள்ளாத கூட்டம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கோட்டைக் குழந்தைகளுக்குத் தூக்கிக் காட்டினார்கள். "என்ன இருந்தாலும் அந்தக் காலத்து இருட்டு மாதிரி வராது" என்று ஒருவர் தன் மனைவியிடம் சொன்னார். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

படிக்கீழ்க் கதவு திறந்தது. கையில் டம்ளரோடு, தலை குனிந்து, காலடிச் சத்தமில்லாமல், சுவரை உரசியபடி அம்மா வந்தாள். கூட்டம் அப்படியே இரண்டாகப் பிளந்தது. ஒரு பெண் வீறிட்டு விழுந்தாள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. எவர் முகத்தையும் பார்க்கக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். படியேறி மறைந்தாள். பிறகு கைதட்டல்.

"அது பேயில்ல! என் அம்மா! சோறு திங்கற, இருமற, உயிரோட இருக்கற மனுஷி!" என்று எக்ஸ்ரேக்காரி கத்தினாள். கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்ட ஒருவர், "நடிப்பும் நல்லாருக்கு" என்று பாராட்டினார்.

வந்திருந்தவர்களில் வாரியத் தலைவரும் இருந்தார். உருண்டு திரண்ட உடம்பு, பளபளக்கும் பூட்ஸ். முதல் படிமேல் ஏறி நின்று பேசினார்.

"எவ்வளவோ வீடுகளுக்குச் சாயம் அடிச்சோம், தகடு மாட்டினோம். ஆனா எந்த வீட்லயும் ஒண்ணு குறையும். என்னன்னு எனக்கே தெரியாது. இன்னிக்குத் தெரிஞ்சுது. நான் வளந்தது பெரிய வீடு. சின்னப் பையன் நான், மணி அடிச்சா ஆள் வரும். எதுக்குன்னு கேக்க மாட்டாங்க. சில நேரம் சும்மாவே அடிப்பேன், வராங்களான்னு பாக்க. வருவாங்க!" அவர் கைக்குட்டையை எடுத்தார். "இப்ப ஃப்ளாட்ல இருக்கேன். எவ்வளவு அடிச்சாலும் லிஃப்ட்தான் வருது. அந்த இழப்பு இருக்கு பாருங்க, அதுக்குப் பேர்தான் பாரம்பரியம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உத்தரவு போட்டார். படிக்கீழ் அறையின் குணம் அதில் ஆள் இருப்பதுதான். எனவே அறை ஒருபோதும் காலியாக இருக்கக் கூடாது. மணி அடித்தால் உள்ளே இருப்பவர் எழுந்து போக வேண்டும். மாற்று ஆள் வராமல் வெளியேறக் கூடாது. ஆய்வாளர் மண்டியிட்டு, முழங்காலில் வைத்தே எழுதிக்கொண்டார்.

எக்ஸ்ரேக்காரி அம்மாவின் நெஞ்சுப் படத்தை எடுத்துக்கொண்டு வாரிய அலுவலகத்துக்குப் போனாள். புத்தம் புதுக் கட்டடம். தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. வெளிச்சம் கண்ணைக் கூசியது.

"இங்க எதுக்கு சார் இத்தனை ஜன்னல்?"

"நாங்க வேலை பாக்கறவங்கம்மா. வெளிச்சம் வேணுமில்ல?" என்றார் தலைவர்.

"எங்கம்மா என்ன பண்ணிட்டிருந்தாங்க அந்த அறையில? சுற்றுலாவா வந்தாங்க?"

"கோவப்படாதே. படிச்ச பொண்ணு நீ."

"படிச்சதாலதான் சார் கத்தறேன். படிக்காத வரைக்கும் எங்க வீட்ல யாரும் கத்தினதில்ல."

அவர் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். எக்ஸ்ரேக்காரியும் பார்த்தாள். இத்தனை தடவை பார்த்தும் கண்ணில் படாதது இப்போது பட்டது. நுரையீரலின் நிழலுக்கு ஒரு பக்கம் நேர்க்கோடு. மறுபக்கம் படிப்படியாகச் சரிந்து இறங்கியது. நிற்க ஒரு பக்கம், தவழ ஒரு பக்கம். மேல் மூலையில் ஒரு சின்னப் புள்ளி, தொங்குகிற மாதிரி.

"அறை அப்படியே இருக்கே!" தலைவர் பரவசத்தோடு கிசுகிசுத்தார். "இதுக்கு ஒரு காப்பி கிடைக்குமாம்மா? கண்ணாடிச் சட்டம் போட்டு நடையில மாட்டலாம்."

அவள் படத்தைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அம்மா படியில் விழுந்து கிடந்தாள். டம்ளர் கடைசிப் படிவரை உருண்டு போயிருந்தது. மூச்சு விட முடியாமல் திணறியபடி, "தண்ணி இன்னும் குடுக்கல" என்றாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்தவளின் கை, பக்கத்துச் சுவரைத் தேடியது. செவிலியர் அழைப்பு மணி எங்கே அடித்தாலும் எழுந்து உட்கார்ந்தாள். எக்ஸ்ரேக்காரி கட்டிலைச் சுவரைவிட்டுத் தள்ளிப் போட்டு, நாற்காலியை அருகில் போட்டுக்கொண்டு, "உனக்கில்லம்மா, உனக்கில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வார்டே அவளை ஒரு மாதிரி பார்த்தது.

சில நாள் கழித்து மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்ததும் மேலே மணிக்கயிறு இழுபடும் சத்தம். படிக்கீழ்க் கதவு திறந்தது. குண ஆய்வாளர் வந்தார். சட்டை கசங்கி, காலில் செருப்பில்லாமல், கையில் டம்ளரோடு. அவளைப் பார்க்காமலே சுவரை ஒட்டிப் போனார். கண்ணாடி போட்ட பக்கமாய்ப் போய், நினைவு வந்தவராக எதிர்ச்சுவருக்கு மாறிக்கொண்டார்.

இறங்கி வந்தவரை மறித்தாள். "சார், என்ன சார் இது?"

"அறை காலியா இருக்கக் கூடாதே மேடம். உத்தரவு." குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "ஒரு நாள் பாத்துக்கோன்னாரு தலைவர். மாத்து ஆள் வரல."

"கிளம்பி வீட்டுக்குப் போங்க!"

"மாத்து ஆள் இல்லாம வரக்கூடாதுன்னு இருக்கே. நான் எழுதினதுதான். நல்லா இறுக்கமா எழுதிட்டேன்." இருமினார். "அதுவுமில்லாம, உள்ள உக்காந்தா காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. அடிக்காதப்பவும் கேக்குது. எழுந்திரிக்காம இருக்க முடியல மேடம். மேல போனா யாரும் இல்ல. ஆனா திட்டு விழுது."

"ஒரு ஜன்னல் கேளுங்களேன்" என்றாள் எக்ஸ்ரேக்காரி. அவளுக்குக் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை; வரவில்லையே என்ற வருத்தமும் இல்லை.

"கேட்டேன். பதில் வந்துடுச்சு." தரையைப் பார்த்தபடி சொன்னார். "இருட்டு அசலாம்."

அம்மா தேறினாள். முழுசாக இல்லை, வீட்டுக்கு அனுப்பும் அளவுக்கு. "மறுபடி அந்த அறையில படுத்தா, அடுத்த தடவை என்கிட்ட கொண்டுவர வேண்டியிருக்காது" என்று டாக்டர் மகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வேறு வாடகை வீடு பார்க்கலாம் என்று எக்ஸ்ரேக்காரி சொல்லிப் பார்த்தாள். அம்மா, "அங்க யாரு இருக்கா இப்ப?" என்று மட்டும் கேட்டாள்.

சாயங்காலம் வீட்டு வாசலில் இறங்கினார்கள். அம்மா வழக்கம்போலக் கொல்லைப்புறம் திரும்பினாள். திரும்பியவள் நின்றாள். படிக்கீழ் அறையின் வெளிச்சுவருக்கு அப்பாலிருந்து இருமல் கேட்டது. அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஒரு பாட்டை அடையாளம் காண்கிற மாதிரி.

"யாரு?"

"ஆய்வாளர்தான். உன்னைச் சுவரைத் தொடாதேன்னாரே, அவரு."

"இது ஈர இருமல் பாப்பா. ஆரம்பம். ராத்திரி படுக்கவிடாது." இன்னும் கொஞ்ச நேரம் கேட்டாள். "அவருக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"இருந்தா என்ன? அனுபவிக்கட்டும்!"

அம்மா மகளைப் பார்த்தாள். அப்படி நேருக்கு நேர் அவள் யாரையும் பார்த்து எக்ஸ்ரேக்காரி கண்டதில்லை. பிறகு உள்ளே போனாள். அறைக்குள் சாத்தியிருந்த கடப்பாரையைச் சீட்டோடு எடுத்தாள். மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த ஆய்வாளர் பதறி எழுந்து, சரிவில் தலையை இடித்துக்கொண்டார்.

"பெரியம்மா, அது ஆய்வுல இருக்கு!"

"கொஞ்சம் தள்ளிக்கப்பா."

"அம்மா, வெயிட் தூக்கக்கூடாதுன்னு டாக்டர்..." என்று மகள் ஓடி வருவதற்குள் முதல் குத்து விழுந்துவிட்டது. கொத்தனார் குத்திய இடத்தில் இல்லை. அதற்கு ஒரு முழம் தள்ளி, இடுப்புக்குச் சற்று மேலே. அம்மா தேடவில்லை, தடவிப் பார்க்கவில்லை. தெரிந்த வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி குத்தினாள். சுண்ணாம்பு பாளமாக விழுந்தது. உள்ளே செங்கல், சுவரின் மற்றக் கல்லைவிடச் சிவப்பு. ஓரத்தில் ஒரு மரச்சட்டத்தின் விளிம்பு.

ஆய்வாளர் தொழில் பழக்கத்தில் கிட்டே வந்து பார்த்தார். அவர் வாய் திறந்தபடி நின்றது. "ஜன்னல்... இங்க ஜன்னல் இருந்திருக்கு. இதுதான் அசல்."

"அம்மா, உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா கடப்பாரையை ஊன்றி மூச்சு வாங்கினாள்.

"வேலைக்கு வந்த புதுசு. உன் வயசுல பாதிகூட இல்ல எனக்கு. வேலை இல்லாத நேரம் இதுல நின்னு பாப்பேன். எதிர்ல பஸ் நிக்கும். யாராவது ஏறுவாங்க, எறங்குவாங்க, எங்கயாவது போய்க்கிட்டே இருப்பாங்க. ஒரு நாள் பாத்துக்கிட்டே நின்னுட்டேன். மணி அடிச்சது கேக்கல." ஒரு இருமல் வந்து போனது. "மறுநாள் ஆள் கூப்பிட்டு அடைச்சுட்டாங்க. நான்தான் கல்லு எடுத்துக் குடுத்தேன்."

காலேஜில் கற்ற எந்த வார்த்தையும் எக்ஸ்ரேக்காரியின் உதவிக்கு வரவில்லை.

"ஏம்மா இத்தனை நாள் சொல்லல?"

"மணி கேக்காமப் போனது என் தப்புதானேன்னு இருந்துட்டேன்."

மகள் கடப்பாரையை வாங்கிக்கொண்டாள். ஆய்வாளர் கையால் கல்லைப் பெயர்த்தார். ஒரு கல் வெளியே விழுந்ததும் வெளிச்சம் கத்தியாக உள்ளே நீண்டது. எதிர்ச்சுவரில், மனிதர் சாய்ந்து சாய்ந்து கறுத்த ஓர் உருவத்தின்மேல் போய் விழுந்தது. உட்கார்ந்திருக்கிற உருவம். முழங்காலைக் கட்டிக்கொண்டு. வேகமாக அடுத்த கல்லைப் பெயர்த்தார்கள்.

"வாரியம் சும்மா இருக்காது மேடம்" என்றார் ஆய்வாளர், கல்லை எறிந்துகொண்டே. "ஜன்னலும் அசல், அடைச்சதும் பழசு. ரெண்டையும் காப்பாத்துன்னு உத்தரவு வரும். திறந்தும் இருக்கணும், மூடியும் இருக்கணும். நானே அப்படித்தான் எழுதியிருப்பேன்."

சொல்லி வாய் மூடவில்லை, ஜன்னல் வழியாகத் தெரிந்த தெருவில் ஜீப் வந்து நின்றது. தலைவர் இறங்கி, பூட்ஸ் அதிர உள்ளே வந்தார். அதே நேரம் தலைக்குமேல் மணி அடித்தது.

ஆய்வாளரின் கை தானாக டம்ளரைத் தேடியது. அம்மாவின் கால் கதவுப் பக்கம் திரும்பியது. எக்ஸ்ரேக்காரி அவள் தோளைப் பிடிக்கப் போனாள், தேவைப்படவில்லை. அம்மா ஜன்னல் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விரல்கள் வெளுத்தன.

"அடிக்கட்டும்" என்றாள்.

மணி அடித்தது. இதுவரை அடிக்காத வேகத்தில், கம்பி அறுந்துவிடும்போல அடித்தது.

"யாரு அறையில?" கூடத்திலிருந்து தலைவரின் குரல். "மணி அடிக்குது, காதுல விழலையா? யாராவது போங்களேன்!"

யாரும் போகவில்லை. ஆய்வாளர் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாராவது..." என்று ஆரம்பித்த குரல் பாதியில் தேய்ந்தது. சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம். டம்ளர் நிறையும் சத்தம். பிறகு அவர்கள் தலைக்குமேல், சரிந்த கூரையின்மேல், காலடிகள் ஏறத் தொடங்கின. பாதிப் படிவரை பூட்ஸ் சத்தம் கேட்டது. அதற்கு மேல் வெறுங்கால் சத்தம்.

மணி நின்றது. மாடியில் யாரோ மிகவும் பணிவாக, "கூப்பிட்டீங்களா?" என்று கேட்டது காதில் விழுந்தது. பதில் வந்ததா என்று தெரியவில்லை.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ் வந்துடுச்சு பாரு" என்றாள்.